விட்டுச் செல்வதும் விட்டுவிடுவதும்

மனிதன் தான் ஆக்கியவற்றைக் கொண்டே தன்னை அளந்து பார்க்கப் பழகியிருக்கிறான். கோயில் எடுப்பித்தவன் பெயரைக் கல்வெட்டு சொல்லும். குளம் தொட்டவன் பெயரை ஊர் சொல்லும். ஆயின், காலம் முடிந்த ஒரு பொருளைப் பக்குவமாகப் பிரித்தெடுத்து, அது நின்ற இடத்தை அடுத்தவருக்குத் தூய்மையாக ஒப்படைத்தவன் பெயர் எங்கும் பொறிக்கப்படுவதில்லை. ஆக்குவதைப் போலவே அகற்றுவதும் ஒரு கடமைதானா? கடமையாயின் அது யாருடையது? ஆக்கியவனுடையதா, அன்றி அப்பொருள் இன்று யார் கையில் இருக்கிறதோ அவனுடையதா? இவ்வினாக்களை எங்கள் உள்ளத்தில் எழுப்பியது பெருங்காப்பியமோ தத்துவ நூலோ அன்று. அமெரிக்க நாட்டில் ஒரு வீட்டின் பின்புறத்தில் துருவேறி நின்ற பழைய நீச்சல் குளம் ஒன்றே இச்சிந்தனைக்கு வித்திட்டது.

தலைநகரில் அரசுப் பணியாற்றி ஓய்வு பெற்ற நாங்கள் இருவரும், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடைக் காலத்தை நியூ ஜெர்சி மாநிலத்தில் வாழும் எங்கள் மகன் வீட்டில் கழித்தோம். அவன் அவ்வீட்டை வாங்கி ஓராண்டு கூட நிறையவில்லை. பின்கட்டுக் கதவைத் திறந்தால் புல்வெளி. புல்வெளியின் நடுவே அந்தக் குளம்.

குளம் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றும் படித்துறையும் தாமரையும் அங்கு இல்லை. மண்ணைத் தோண்டாமல் தரைமேலேயே நிறுத்தப்படும் வட்டத் தொட்டி அது. நெளிவுடைய எஃகுத் தகடே சுவர். அதைச் சுற்றி நிறுத்திய கால்கள். உள்ளே நீர் கசியாமலிருக்க நீல நிற வினைல் விரிப்பு. விரிப்பின் அடியில் மெத்தைபோல் பரப்பிய மணல். விட்டம் 24 அடி. நான்கு அடி உயரத்திற்கு நீர் நிரப்பினால் ஏறத்தாழ 51,000 லிட்டர் கொள்ளும். அதாவது 51 டன் எடையுள்ள நீர் பக்கவாட்டில் தரும் அழுத்தத்தை அத்தகடும் கால்களும் தாங்கி நிற்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நாட்டில் எழுந்த புறநகர் வாழ்வின் குழந்தை இது எனலாம். போர் வீரர்களுக்கு வீட்டுக் கடன் வசதி தந்த 1944ஆம் ஆண்டுச் சட்டமும், 1947இல் நியூயார்க்கு அருகே எழத் தொடங்கிய லெவிட்டவுன் போன்ற குடியிருப்புகளும், நடுத்தரக் குடும்பங்களுக்குத் தனி வீட்டையும் அதன் பின்னே ஒரு துண்டுப் புல்வெளியையும் தந்தன. நிலத்தைத் தோண்டிக் குளம் கட்டச் செல்வர்க்கே இயலும். கடையில் பெட்டியாக வாங்கி வந்து, அண்டை வீட்டார் துணையுடன் சில நாட்களில் பூட்டிவிடக்கூடிய இத்தரைமேற் குளம் எளியவர்க்கும் எட்டியது. ஒரு வீட்டுப் பிள்ளைகளின் பல கோடைகள் அதில் கழிந்திருக்கும். பிள்ளைகள் வளர்ந்து வெளியேறியபின் குளம் மட்டும் நின்றுவிடும்.

எங்கள் மகன் வீட்டில் நின்றதும் அவ்வாறே. முக்கால் பங்கு மழைநீர் பச்சை நிறமாகத் தேங்கி, இலைகள் மட்கி, கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. பேரன் அப்பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வதே எங்களுக்கு வேலையாயிற்று. இதைச் சிறு தொல்லை என்று தள்ளுவதற்கில்லை. 2007ஆம் ஆண்டில் கடன் கட்ட இயலாமல் மக்கள் வீடுகளைக் கைவிட்டுச் சென்றபோது, கலிபோர்னியாவின் கெர்ன் மாவட்டத்தில் கவனிப்பாரற்ற நீச்சல் குளங்களில் கொசு பெருகி, வெஸ்ட் நைல் காய்ச்சல் பரவத் துணைசெய்தது என ஆய்வாளர் கண்டறிந்துள்ளனர். கைவிடப்பட்ட நீர் வேலிக்குள் அடங்கி நிற்பதில்லை.

செய்யக்கூடியவை மூன்று. அப்படியே விட்டுவிடலாம். ‘இலவசம், பிரித்து எடுத்துச் செல்க’ என்று விளம்பரம் செய்யலாம், அங்கே அது வழக்கந்தான். அல்லது நாமே பிரித்து அகற்றலாம். இரண்டாவது வழியே சிறந்தது என்று நாங்கள் அறிவுரை கூறினோம். செலவில்லை, உழைப்பில்லை, கொடுத்தோம் என்ற பெயரும் உண்டு என்பது எங்கள் கணக்கு. மகன் சிறிது நேரம் பேசாமலிருந்தான்.

“அப்பா, அடித்தகட்டைத் துரு தின்றிருக்கிறது. இதை எடுத்துப் போகிறவர் வீட்டிலும் ஒரு குழந்தை இருக்கும். நமக்கு ஆகாது என்று தெரிந்த ஒன்றை இலவசம் என்று பெயரிட்டுக் கொடுத்தால், அது கொடையாகுமா?” என்றான்.

எங்களிடம் விடை இல்லை. கொடை என்பது பெறுகிறவரின் நலத்தை நோக்கியது. நம் சுமையை நோக்கிக் கொடுப்பதெல்லாம் கைமாற்றுதல் மட்டுமே. பழைய சோற்றை நாயும் முகராத நிலையில் இரவலனுக்கு இடுவதற்கும் இதற்கும் வேற்றுமை யாது? ஒரு பொருளின் குறையை அறிந்தவன், அறியாதவனிடம் அதைத் தள்ளிவிடும்போது, அவன் குறையையும் சேர்த்தே தள்ளிவிடுகிறான். அதனால் வரும் தீங்கில் தனக்குள்ள பங்கை மட்டும் அவனால் தள்ள இயலாது.

பணி தொடங்கிற்று. வடிகட்டிக்கும் பம்புக்கும் செல்லும் மின்சாரத்தை முதலில் துண்டித்தார்கள். நீரை எங்கே விடுவது என்பது அடுத்த வினா. தெருவோர மழைநீர்க் கால்வாய் இருக்கிறதே என்றோம். அந்நாட்டில் பெரும்பாலான ஊர்களில் அக்கால்வாய் எவ்விதச் சுத்திகரிப்பும் இன்றி நேரே ஓடையில் கலக்கிறது. குளோரின் கலந்த நீர் சென்றால் மீன்கள் மடியும் என்று மகன் விளக்கினான். குளோரின் இடுவதை நிறுத்திச் சில நாட்கள் வெயிலில் விட்டால் அதன் வீரியம் தணியும். சோதனைத் தாளை நனைத்துப் பார்த்து, குளோரின் எஞ்சவில்லை என்று உறுதி செய்துகொண்ட பின்னரே, சிறு பம்பு ஒன்றால் தன் புல்வெளியிலேயே நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவவிட்டான். அண்டை வீட்டார் நிலத்திற்கு ஒரு துளியும் செல்லாதபடி குழாயை இடம் மாற்றிக்கொண்டே இருந்தான். நிரப்புவதற்குக் குழாயைத் திறந்துவிட்டால் போதும். வடிப்பதற்கு இரண்டு பகலும் ஓர் இரவும் விழித்திருக்க வேண்டியதாயிற்று.

பின்னர் வினைல் விரிப்பைக் கத்தியால் நாடா நாடாகக் கிழித்துச் சுருட்டினார்கள். மேல்விளிம்புச் சட்டங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். பல திருகாணிகள் துருப்பிடித்து அசைய மறுத்தன. எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்தும் இளகாதவற்றை அறுக்க நேர்ந்தது. சுற்றுச்சுவரோ 75 அடி நீளமுள்ள ஒரே தகடு. பிடி தளர்ந்ததும் சுருள்வில் போல் துள்ளும். ஓரம் கத்தி போல் அறுக்கும். தடித்த கையுறை அணிந்து மூவர் பிடித்துக்கொள்ள, தகடு வெட்டும் கத்தரியால் ஒருவர் துண்டுதுண்டாக வெட்டினார். பிரிப்பதற்குப் பூட்டியவனினும் மிகுந்த பொறுமை வேண்டும் என்பதை அங்கே கண்கூடாகக் கண்டோம்.

அவ்வேலையினூடே நாங்கள் ஒருவரையொருவர் பார்த்து, முன்னாள் உரிமையாளரைக் குறைகூறிக் கொண்டிருந்தோம். அனுபவித்தவர் அவர், அகற்றுபவன் இவன் என்று எங்களுக்கு ஆற்றாமை. அப்போது கால்களின் மேல்மூடியைக் கழற்றிக்கொண்டிருந்த மகன் எங்களை அழைத்துக் காட்டினான். ஒவ்வொரு காலின் உட்புறத்திலும் அழியாத மையால் ஓர் எண் எழுதப்பட்டிருந்தது. 1 முதல் 16 வரை, வரிசை பிறழாமல், நிதானமான கையெழுத்து. என்றேனும் பிரிக்கும் நாள் வரும். அன்று எது எதன் பக்கத்தில் நின்றது என்று தெரிய வேண்டும் என்று கருதியவர் அன்றி வேறு யார் அவ்வாறு எழுதியிருப்பார்? வீட்டை விற்றவர் அம்மனிதரின் மனைவி. கணவர் மறைந்து பல ஆண்டுகள் ஆயின என்று மகன் சொன்னான். அகற்ற எண்ணியவருக்கு ஆயுள் இடம் தரவில்லை. நாங்கள் கூறிய குறைகளை மனத்திற்குள் திரும்பப் பெற்றுக்கொண்டோம்.

பெற்றுக்கொண்ட அக்கணத்திலேயே எங்கள் பழைய பிழை ஒன்று நினைவில் எழுந்து நின்றது. அதை ஈண்டு மறைத்தால் இக்கட்டுரைக்குப் பொருளில்லை.

தில்லி சரோஜினி நகரில் அரசுக் குடியிருப்பில் நாங்கள் நெடுங்காலம் வாழ்ந்தோம். குழாயில் நீர் காலையும் மாலையும் சிறிது நேரமே வரும். ஆதலின் பின்முற்றத்தில் செங்கல்லும் சிமெண்டும் கொண்டு ஒரு தொட்டி கட்டிக்கொண்டோம். அனுமதி கேட்கவில்லை, அன்று பலரும் அவ்வாறே செய்தனர். பணி ஓய்வு பெற்று வீட்டைக் காலி செய்தபோது மின்விசிறிகளின் எண்ணிக்கை சரிபார்க்கப்பட்டது, சாவி ஒப்படைக்கப்பட்டது, பாக்கி ஏதுமில்லை என்று சான்றிதழும் கிடைத்தது. தொட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. வருகிறவருக்குப் பயன்படட்டும் என்று எங்களுக்கு நாங்களே கூறிக்கொண்டோம்.

சில ஆண்டுகள் கழித்து, அத்தெருவில் ஒரு நண்பரைக் காணச் சென்றபோது, பழைய வீட்டைப் பார்க்கும் ஆவலில் கதவைத் தட்டினோம். உள்ளே இளந்தம்பதியர்; கைக்குழந்தை. மரியாதையுடன் உட்காரவைத்துத் தேநீர் தந்தனர். பின்முற்றத்தில் எங்கள் தொட்டி வெடித்து ஒரு பக்கம் சாய்ந்து, மழைநீரும் குப்பையுமாக நின்றது. நீர் பிடிக்க உதவாது. உடைக்கவோ ஆளுக்கும் கூலிக்கும் வழியில்லை. “முன்பு இருந்தவர்கள் யாரோ விட்டுப் போனது. குழந்தைக்கு இருமுறை காய்ச்சல் வந்துவிட்டது, கொசுத் தொல்லை தாங்கவில்லை” என்றார் அந்தப் பெண்மணி. அந்த யாரோ நாங்களே என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தோம்.

சான்றிதழ் பொய் சொல்லவில்லை. அரசுக்கு நாங்கள் பாக்கி வைக்கவில்லை. நாங்கள் பாக்கி வைத்தது அறியாத ஒரு குழந்தைக்கு. சட்டம் கணக்கிடும் கடன் ஒன்று. அது கேட்க மறந்த கடன் வேறொன்று. இரண்டாவதையே அறம் என்கிறோம்.

தமிழில் இரு சொற்கள் உண்டு. ஒன்று ‘விட்டுவிடுதல்’, மற்றொன்று ‘விட்டுச் செல்லுதல்’. ஓசையால் நெருங்கிய இவை பொருளால் எதிரெதிர் திசையில் நிற்கின்றன. விட்டுவிடுதலில் பற்று நீங்குகிறது. விட்டுச் செல்லுதலில் பற்று நீங்குவதில்லை. பொறுப்பு மட்டுமே நீங்குகிறது. பயன் உள்ளவரை ‘என்னுடையது’ என்று பற்றிக்கொண்டவன், பயன் தீர்ந்ததும் ‘யாருடையதோ’ என்று நடந்துவிடுவதைத் துறவு என்று கூற இயலுமா? துறப்பவன் முதலில் கணக்கைத் தீர்க்கிறான். தீர்க்காமல் போகிறவன் ஓடிப்போகிறான்.

நம் வழிபாட்டு முறையிலும் இந்நுட்பம் பொதிந்துள்ளது. விநாயகர் சதுர்த்தியன்று களிமண் பிள்ளையாரைக் கொண்டுவந்து எழுந்தருளச் செய்யும் குடும்பம், முறைப்படி விடைகொடுத்து நீரில் கரைக்கும்வரை பூசையை முடிந்ததாகக் கருதுவதில்லை. மண்ணிலிருந்து வந்தது மண்ணுக்கே திரும்புகிறது. சைவ சித்தாந்திகள் இறைவனின் அழித்தல் தொழிலைச் சினமாகக் கொள்ளாது, உழன்று களைத்த உயிர்களுக்கு இளைப்பாறுதல் தரும் அருளாகவே விளக்குவர். ஆக்கத்தோடு நீக்கத்தையும் ஒரே அருளின் இரு கைகளாகக் கண்ட மரபு நம்முடையது.

எனினும் நடைமுறையில் நம் மனம் கூட்டுவதையே நாடுகிறது, கழிப்பதை மறக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வொன்று இதை மெய்ப்பிக்கிறது. பொம்மைக் கட்டைகளால் ஆன ஓர் அமைப்பையோ, கட்டங்களால் ஆன ஒரு படத்தையோ திருத்துமாறு கேட்டபோது, ஒன்றை எடுத்துவிட்டாலே செம்மையாகும் இடங்களிலும் பலர் புதிதாகச் சேர்ப்பதையே நாடினர். எடுத்துவிடலாம் என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை. அகற்றுதல் அரிதாவதற்குச் சோம்பல் மட்டும் காரணம் அன்று. அது நம் நினைவுக்கே எளிதில் வருவதில்லை. ஆதலின் அதனைக் கடமை என்று வற்புறுத்திச் சொல்ல வேண்டியுள்ளது.

இங்கே ஒரு தடை எழலாம். அகற்றுதல் எல்லாம் அறமாகிவிடுமா? ஆகாது. அதே அமெரிக்க நாட்டின் நீச்சல் குளங்களே அதற்கும் சான்று. செயிண்ட் லூயிஸ் நகரின் ஃபேர்கிரவுண்ட் பூங்காவிலுள்ள பொதுக் குளத்தைக் கறுப்பின மக்களுக்கும் திறந்துவிட்ட 1949ஆம் ஆண்டு ஜூன் மாத நாளிலேயே அங்கு வன்முறை வெடித்தது. மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகராட்சி, 1960களில், எல்லா இனத்தவரும் ஒன்றாக நீந்துவதற்கு இடம் தருவதைவிடப் பொதுக் குளங்களை மூடிவிடுவதே மேல் என்று மூடிவிட்டது. அது செல்லும் என்று 1971இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐவர்க்கு நால்வர் என்ற அளவில் தீர்ப்பளித்தது. பொதுக் குளங்களின் கதவுகள் அடைபட்ட காலமும் தனி வீடுகளின் பின்னே குளங்கள் பெருகிய காலமும் ஒன்றோடொன்று இழைந்து செல்வது கருதத்தக்கது. நம் நாட்டிலும் 1927 மார்ச்சு 20 அன்று மஹாட் ஊரின் சவ்தார் குளத்தில் அம்பேத்கர் நீரள்ளிக் குடித்தார். முன்னர் எல்லார்க்கும் உரியது என்று நிறைவேற்றியிருந்த தீர்மானத்தை அவ்வாண்டு ஆகஸ்டிலேயே நகராட்சி திரும்பப் பெற்றது. குளத்தைத் தூர்ப்பதும் தீர்மானத்தை நீக்குவதும் அகற்றுதலே. ஆனால் அவை இடத்தைப் பிறர்க்கு ஒப்படைக்கவில்லை, பிறரிடமிருந்து பறித்தன.

எனவே அகற்றுதலை அளக்க ஓர் உரைகல் வேண்டும். அகற்றியபின் அவ்விடம் யாருக்குத் திறக்கிறது என்று கேட்பதே அந்த உரைகல். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் எல்வா ஆற்றின் குறுக்கே 1913இலும் 1927இலும் முடிக்கப்பட்ட இரண்டு அணைகள், சால்மன் மீன்கள் மேலேறிச் செல்லும் வழியை ஏறக்குறைய நூறாண்டுகள் அடைத்துக்கொண்டிருந்தன. அவற்றை ஒரே வெடியில் தகர்க்கவில்லை. தேங்கிய வண்டல் ஆற்றைத் திணறடிக்காதபடி 2011 முதல் 2014 வரை படிப்படியாக அகற்றினர். மீன்கள் திரும்பின. நீர்த்தேக்கம் வடிந்தபின், தம் இனம் தோன்றிய புனித இடம் என்று முன்னோர் சொல்லக் கேட்டிருந்த பாறையை அங்குள்ள கிளாலம் பழங்குடியினர் மீண்டும் கண்டனர். ஆக்கியவர்களின் பேரர் காலத்தவர் செலவையும் உழைப்பையும் ஏற்றுக்கொண்டனர், வழி திறந்தது.

முதலில் எழுப்பிய வினாவுக்கு இனி விடை கூறலாம். அகற்றும் கடமை முதலில் ஆக்கியவனுடையதே. அவன் இயலாமற்போனால், அல்லது இல்லாமற்போனால், அது பொருளோடு சேர்ந்து வருகிறவனைச் சேர்கிறது. வீட்டின் நிழலை ஏற்றவன் அதன் துருவையும் ஏற்றேயாக வேண்டும். இது நியாயமா என்று கேட்டால், முழு நியாயம் அன்று. ஆனால் அவனும் ஏற்காவிடில், சுமை ஏதுமறியாத ஒரு குழந்தையின் தலையில் இறங்கும். அநியாயத்தின் சங்கிலி எங்கோ ஓரிடத்தில், தான் செய்யாததைத் தான் செய்து முடிக்க இசையும் ஒருவனாலேயே அறுபடுகிறது.

இதில் நிறைவு என்பது கிட்டாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எஃகுத் தகடு பழைய இரும்பாகி மீண்டும் உருகும். மணல் தோட்டத்துப் பள்ளங்களை நிரப்பிற்று. கிழித்த வினைல் விரிப்போ குப்பைமேட்டிற்கே சென்றது. அதை ஏற்று மறுபடி உருவாக்க அருகில் வழி இருக்கவில்லை. எங்கோ ஒரு மண் அதைச் சுமந்துகொண்டிருக்கிறது. ஆதலின் அகற்றும் கடமை, பொருள் பழையதான நாளில் தொடங்குவது அன்று. அதை வாங்கும் நாளிலேயே தொடங்குகிறது. ‘இதை எங்கே வைப்பது’ என்று கேட்கும் நாம், ‘இதை எவ்வாறு எடுப்பது’ என்றும் அன்றே கேட்டுக்கொள்ள வேண்டும். கால்களில் எண் எழுதிய அந்த மனிதர் அவ்வாறு கேட்டுக்கொண்டவர். முடிக்கவில்லை எனினும், முடிக்கப்போகும் ஒருவரை எண்ணிப் பார்த்தார். அப்பெயர் தெரியாதவரை நாங்கள் இன்றும் வணங்குகிறோம்.

எல்லாம் அகற்றியபின் புல்வெளியில் வெளிறிய ஒரு பெரிய வட்டம் எஞ்சியது. பல ஆண்டுகள் வெயில் காணாத மண். மகன் அதைக் கொத்திவிட்டுப் புதுமண் பரப்பி, இலையுதிர் காலம் தொடங்கும்போது புல்விதை தூவினான். பேரன் நாள்தோறும் பூவாளியால் நீர் தெளித்தான். நாங்கள் விமானம் ஏறுவதற்கு முந்திய வாரம் மெல்லிய பசுமை தலைகாட்டியிருந்தது. எனினும் வட்டம் வட்டமாகவே தெரிந்தது. அது மறைய மேலும் ஓரிரு பருவங்கள் ஆகும் என்றார்கள்.

தில்லி திரும்பியதும் சரோஜினி நகருக்குச் சென்றோம். அந்தப் பெண்மணியைத் தேடிக் கண்டு உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது எண்ணம். ஆனால் பழைய அரசுக் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்ட 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ஏழு குடியிருப்புப் பகுதிகளுள் அதுவும் ஒன்று. எங்கள் வரிசை வீடுகள் இருந்த இடத்தில் தகர வேலியும் மண்மேடும் நின்றன. வீட்டோடு தொட்டியையும் இயந்திரம் அகற்றிவிட்டது. அக்குடும்பம் எங்கே சென்றது என்று சொல்வார் இல்லை.

வேலியருகே சிறிது நேரம் நின்றுவிட்டு வீடு திரும்பினோம். அன்று மாலை, பரண்மேல் பல ஆண்டுகளாகத் தூங்கிக்கொண்டிருந்த பெட்டிகளை இறக்கத் தொடங்கினோம். எங்களுக்குப் பின் வந்து திறப்பவர்க்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரித்து வருகிறோம். இன்னும் முடியவில்லை. முடிக்க இயலாது போயினும், வைக்கும் பெட்டிகளின் மேல் உள்ளிருப்பதை எழுதி ஒட்டிவருகிறோம்.